ஏரோவீ எஞ்சினுக்கு மரப் புரொப்பெல்லர்: சென்செனிச் 54-44 பற்றி

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் வீட்டு கராஜில் நானும் மனைவியும் சேர்ந்து கட்டிய சோனெக்ஸ் என்ற இருவர் அமரும் சிறு விமானத்தில் சென்செனிச் நிறுவனத்தின் மரப் புரொப்பெல்லரை மாட்டியிருக்கிறோம். விட்டம் 54 அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) 44 அங்குலம். பிர்ச் மரப் பலகைகளை அடுக்கி ஒட்டிக் கடைந்தது. பனிக்காலம், புழுக்கமான கோடை என்று எல்லாப் பருவங்களிலும் அதை வைத்துப் பறந்தாகிவிட்டது. எங்களுடைய ஏரோவீ போல ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சின் வழிவந்த எஞ்சின் உங்களிடம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மரத்தை வாங்குங்கள் என்பேன். வேறு எஞ்சின் என்றால் என் பதிலும் வேறு.

இந்தப் பொழுதுபோக்குக்குள் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்தப் பொருள் அதிக வலிமை?" என்றுதான். கார்பன் இழை பளபளப்பாக இருக்கிறது, அலுமினியம் நம்பிக்கை தருகிறது, மரம் பாட்டன் காலத்துச் சரக்காகத் தெரிகிறது. ஆனால் நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வரும் எந்தப் புரொப்பெல்லரும் தன்னளவில் போதிய வலிமை உள்ளதுதான். அதைப் பிடித்துச் சுழற்றும் எஞ்சினின் முதன்மைத் தண்டு, அதாவது கிராங்க் ஷாஃப்ட், எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். பொருளைத் தேர்ந்தெடுப்பது எஞ்சின். நாம் அதன் பேச்சைக் கேட்டால் போதும்.

ஏரோவீ 2180 சி.சி. எஞ்சின். நிமிடத்துக்கு 3400 சுழற்சியில் 80 குதிரைத்திறன் தருகிறது. கியர்பாக்ஸ் கிடையாது, புரொப்பெல்லர் நேரே கிராங்க் ஷாஃப்டின் நுனியில் உட்காருகிறது. எந்த நுனியில் என்பதைக் கவனியுங்கள். காரில் இருந்தபோது விசிறி பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்த கப்பி முனை அது. பெல்ட் இழுப்பதைத் தவிர வேறு பாரத்தை அந்த முனை சுமக்கும் என்று காரை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். விமானத்துக்கென்று வலுவான உருக்கில் புதிய கிராங்க் ஷாஃப்ட் செய்து, சூடாக்கிப் பொருத்தும் ஹப்பும் (புரொப்பெல்லரைத் திருகும் உலோக நடுத்துண்டு) தருகிறார்கள். ஆனாலும் அந்த இடத்தின் வடிவமைப்பு அதேதான். நேரடி இயக்க ஃபோக்ஸ்வேகன் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் முறிந்த கதைகளைப் படித்தால், கனமான புரொப்பெல்லர் அவற்றில் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

கனம் என்றால் தராசு காட்டும் எடையை மட்டும் சொல்லவில்லை. அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறது என்பதே முக்கியம். நிலைமத் திருப்புத்திறன் என்று கல்லூரியில் படித்தோமே, அதுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மரப் புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன் 0.3 கிலோகிராம்-சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3400 சுழற்சியில் இருக்கும்போது மூக்கைச் சட்டென்று விநாடிக்கு ஒரு ரேடியன் வேகத்தில் தூக்கினால், கிராங்க் ஷாஃப்டை வளைக்க முனையும் திருப்புவிசை ஏறத்தாழ 107 நியூட்டன்-மீட்டர். மும்மடங்கு நிலைமம் உள்ள உலோகத்தை மாட்டினால் அது 320 ஆகிவிடும். இரண்டு இறக்கைப் புரொப்பெல்லரில் (இங்கே இறக்கை என்பது புரொப்பெல்லரின் அலகு) இந்த வளைவு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்கும். அந்தச் சிறிய முனை அவ்வளவையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு முன் மூன்று இறக்கைக் கார்பன் புரொப்பெல்லர் விற்கும் ஒருவரிடம், "உங்கள் பொருளின் நிலைமத் திருப்புத்திறன் என்ன?" என்று எழுதிக் கேட்டேன். எடையைச் சொன்னார், மேலே ஏறும் வேகம் கூடும் என்றார், கேட்ட எண் மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்த ஓர் எண்ணைத் தர முடியாதவரிடம் நேரடி இயக்க எஞ்சினுக்குப் புரொப்பெல்லர் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீங்களும் கேளுங்கள்.

இனி பொருளைப் பற்றி. சென்செனிச் 1932 முதல் இந்தத் தொழிலில் இருக்கும் பென்சில்வேனியா நிறுவனம். மரப் பிரிவு இப்போது ஃபுளோரிடாவின் பிளான்ட் சிட்டியில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் இலேசு: நான்கு கிலோவைத் தொடவில்லை. வார்னிஷுக்கு அடியில் பலகை அடுக்குகளின் கோடுகள் இறக்கையின் வளைவோடு விரிந்து, நுனியை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக மறைகின்றன. அந்தக் கோடுகள் இரண்டு இறக்கைகளிலும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் முடிகின்றனவா என்று பாருங்கள். கடைசல் சமச்சீராக இருக்கிறதா என்று கருவி இல்லாமலே கண்டுபிடிக்க இது நல்ல வழி. என்னுடையதில் இரண்டும் கண்ணாடியில் பார்த்தது மாதிரி ஒத்துப்போயின. முன்விளிம்பின் வெளிப்பாதியில் பாலியுரேத்தேன் வார்த்து, மரத்தின் வளைவோடு தடம் தெரியாமல் இழைத்திருக்கிறார்கள். விரல் நகத்தை அந்த இணைப்பின் மேல் இழுத்தால் எங்கும் தட்டவில்லை.

ஊரில் மர டிப்போ வைத்திருக்கும் சித்தப்பா தொலைபேசியில், "தேக்கு போடலாமே, அதை மிஞ்சிய மரம் உண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிலைவாசலுக்கும் படகுக்கும் தேக்கை மிஞ்ச மரமில்லைதான். ஆனால் தேக்கைக் காக்கும் அந்த இயற்கை எண்ணெய்தான் பசையைப் பிடிக்கவிடாது. அடுக்கி ஒட்டும் வேலையில் பசைதான் உயிர். பிர்ச், மேப்பிள் மரங்களில் எண்ணெய் இல்லை. இழை நெருக்கமாக, நேராக ஓடுகிறது. பசை நன்றாகக் கவ்வுகிறது. ரைட் சகோதரர்கள் 1903-இல் ஸ்புரூஸ் பலகைகளை அடுக்கி ஒட்டித்தான் எட்டரை அடிப் புரொப்பெல்லர் செய்தார்கள். ஒற்றைக் கட்டையில் செதுக்கினால் மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். அடுக்கினால் ஒரு பலகையின் குணத்தை அடுத்தது அடக்கி வைக்கும்.

மரத்தின் இன்னொரு பெரிய குணம் எளிதில் களைப்படையாமை, அதாவது திரும்பத் திரும்ப உதை வாங்கினாலும் சட்டென்று விரிசல் விடாத தன்மை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்கு இந்த விஷயத்தில் ஆழ்ந்த அக்கறை உண்டு. சுழலும் உலோகம் எங்கே விரிசல் விடும் என்று தேடுவதுதான் அன்றைக்கு என் பிழைப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 3200 சுழற்சியில் ஓடினால் 26 மணி நேரத்தில் ஒரு கோடி உதைகள். அலுமினியத்துக்கு, "இந்த அழுத்தத்துக்குக் கீழே இருந்தால் எத்தனை உதை வாங்கினாலும் பரவாயில்லை" என்ற பாதுகாப்பான எல்லை கிடையாது. ஒவ்வோர் உதையும் கணக்கில் சேரும். ஒரு கூழாங்கல் பட்டு முன்விளிம்பில் சின்னப் பள்ளம் விழுந்துவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். எஞ்சினின் அதிர்வெண்ணும் இறக்கையின் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டால் ஆபத்து பல மடங்கு. வீட்டில் கட்டும் இன்னொரு வகையான ஆர்.வி. விமானங்களில், விமானத்துக்கென்றே செய்த லைகமிங் ஓ-320 எஞ்சினோடு வரும் சென்செனிச்சின் உலோகப் புரொப்பெல்லருக்கே 2600 சுழற்சி என்று உச்ச வரம்பு வைத்திருப்பது இந்த அதிர்வுச் சோதனைகளின் பயன்தான். சோதித்து வரம்பைச் சொல்லும் நிறுவனத்தை நான் மதிக்கிறேன். நம் ஃபோக்ஸ்வேகன் எஞ்சின்களுக்கு அப்படிச் சோதித்த உலோகப் புரொப்பெல்லர் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. மரமோ உள்ளே வரும் அதிர்வைத் தன் நார்களிலேயே விழுங்கிவிடுகிறது.

பறக்கும்போது எப்படி? 44 அங்குல பிட்ச் என்றால், வழுக்கல் இல்லாமல் ஒரு சுற்றுக்கு 44 அங்குலம் முன்னேறும் என்று பொருள். 3200 சுழற்சிக்கு அது மணிக்கு 133 மைல், அதாவது சுமார் 214 கிலோமீட்டர். சோனெக்ஸின் பயண வேகத்துக்கு இது பொருத்தம். நுனி வேகமும் நல்ல இடத்தில் இருக்கிறது: 54 அங்குல விட்டத்துக்கு 3400 சுழற்சியில் விநாடிக்கு 244 மீட்டர், ஒலி வேகத்தில் 72 சதவீதம். இதே எஞ்சினில் 60 அங்குலம் மாட்டினால் 80 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் போகப் போக இரைச்சலும் இழப்பும்தான் மிச்சம். இந்த எஞ்சினுக்குக் குட்டையான புரொப்பெல்லர் ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஒரு குறை உண்டு. அது மரத்தோடு பிறந்தது. பிட்சை மாற்ற முடியாது. இருவர் ஏறிக்கொண்டு ஜூலை வெயிலில் குட்டையான புல் ஓடுபாதையிலிருந்து கிளம்பும்போது இன்னும் இரண்டு அங்குலம் குறைவாக இருந்திருக்கலாமே என்று தோன்றும். தனியாக ஜனவரி குளிரில் பறக்கும்போது 46 இருந்தாலும் இழுத்திருக்கும் என்று தோன்றும். 44 நடுவில் நிற்கும் சமரசம். இன்னொன்று, ஒரு நிறுவனத்தின் 44-ம் இன்னொரு நிறுவனத்தின் 44-ம் ஒன்றல்ல. இறக்கையின் எந்த இடத்தில், எந்தப் பரப்பில் அளக்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே நண்பர் விமானத்தில் பார்த்த எண்ணை வைத்து வேறு நிறுவனத்திடம் ஆர்டர் கொடுக்காதீர்கள். விமானம், எஞ்சின், வழக்கமான சுமை, ஓடுபாதை நீளம் எல்லாவற்றையும் சொல்லி அவர்களையே பிட்ச் சொல்லச் சொல்லுங்கள்.

மரப் புரொப்பெல்லரின் உண்மையான விலை பராமரிப்பில் இருக்கிறது. பலர் நினைப்பது போல எஞ்சினின் திறன் போல்ட்டுகள் வழியாக இறக்கைக்குப் போவதில்லை. ஹப்பின் உலோக முகமும் மரத்தின் முகமும் இறுக்கமாக அழுந்தி நிற்கும் உராய்வில்தான் அது போகிறது. போல்ட்டுகளின் வேலை அந்த அழுத்தத்தைக் காப்பது மட்டும். மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். ஈரப்பதம் நான்கு சதவீதம் குறைந்தால் புரொப்பெல்லரின் 9 சென்டிமீட்டர் தடிமனுள்ள நடுப்பகுதி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை மெலியலாம். வார்னிஷ் அதைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது. விஸ்கான்சின் கோடையில் காற்றையே பிழியலாம். ஜனவரியில் சூடேற்றிய ஹேங்கருக்குள் உதடு வெடிக்கும். போல்ட்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் தளர்வதும் இறுகுவதுமாக இருக்கின்றன.

தளர்ந்ததைக் கவனிக்காமல் பறந்தால் மரத்தின் முகம் உலோகத்தின் மேல் நுண்ணளவில் ஆடும், ஆடினால் சூடாகும், சூடானால் கருகும். துளைகள் நீள்வட்டமாகும், பிறகு போல்ட்டுகள் ஒவ்வொன்றாக அறும். இன்னொரு விமானத்திலிருந்து கழற்றிய மரப் புரொப்பெல்லர் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. திருப்பினால் ஹப் முகத்தில் தோசைக்கல்லில் தீய்ந்தது போல் ஒரு கரிய வளையம், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பழுப்புக் கறை. அதைப் பார்த்தவர் யாரும் போல்ட்டின் இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் வேலையைத் தள்ளிப்போட மாட்டார்.

எனவே போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்: முதல் பறப்பு முடிந்ததும் ஒருமுறை, 25 மணி நேரத்தில் ஒருமுறை, அதன்பின் குறைந்தது 50 மணிக்கு ஒருமுறை, பருவம் மாறும்போது கட்டாயமாக ஒருமுறை. போல்ட்டுகள் கழலாமல் கட்டியிருக்கும் பாதுகாப்புக் கம்பியை வெட்டி எடுத்து, ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, தயாரிப்பாளரின் தாளில் உள்ள அளவில் நிறுத்த வேண்டும். உலோகப் புரொப்பெல்லருக்குரிய அளவை இதற்குப் போட்டுவிடாதீர்கள். மரம் நசுங்கிவிடும், நசுங்கிய மரம் மறுபடி நிமிராது. முன்பக்கம், போல்ட்டின் அழுத்தத்தை மரத்தின் மேல் பரப்பும் தட்டு இல்லாமல் மாட்டவே கூடாது. அடுத்து, இறக்கை நுனியின் அருகே ஒரு மரக்கட்டையை நிறுத்தி, புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, இரண்டு நுனிகளும் ஒரே தடத்தில் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் மறுபடி கழற்றித்தான் ஆக வேண்டும். இதைச் செய்வதற்கு முன் மேக்னெட்டோ என்ற தீப்பொறிக் கருவியையும் மற்றப் பற்றவைப்பையும் அணைத்தாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள். விமானத்தை நிறுத்தும்போது புரொப்பெல்லரின் இறக்கைகளைக் கிடைமட்டமாக விடுங்கள். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ் இறக்கைக்கு இறங்கிச் சமநிலை கெடும்.

மழை பற்றிச் சுருக்கமாக: மாட்டிக்கொண்டால் சுழற்சியைக் குறையுங்கள். நுனிக்கு அந்த வேகத்தில் மழைத்துளி கல்தான். பாலியுரேத்தேன் விளிம்பு நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது என்றாலும், வார்னிஷில் கீறல் விழுந்தால் அன்றே பூசிவிடுவது நல்லது.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களின் ஆசை கார்பன் மேல் போகிறது. கியர்பாக்ஸோடு வரும் ரோடாக்ஸ் 912 எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆசை நியாயமானதே. அதில் 5800 சுழற்சியை 2.43 விகிதக் கியர்பாக்ஸ் 2400-க்குள் இறக்கிவிடுகிறது. புரொப்பெல்லரின் உதையும் வளைவும் பெரும்பாலும் கியர்பாக்ஸின் தண்டோடு நின்றுவிடுகின்றன. அதுவும் வரம்பு இல்லாமல் இல்லை: 6000 கிலோகிராம்-சதுர சென்டிமீட்டருக்கு (0.6 கிலோகிராம்-சதுர மீட்டர்) மேற்பட்ட நிலைமத் திருப்புத்திறன் கூடாது என்று ரோடாக்ஸ் எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறது. பிரான்சின் சிஸ்ட்ரோனில் உள்ள ஈ-பிராப்ஸ், அயோவாவின் வார்ப் டிரைவ், ஏன் சென்செனிச்சே செய்யும் கார்பன் புரொப்பெல்லர்கள் இந்த எஞ்சினுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. தரையில் நிற்கும்போது பிட்சை மாற்றிக்கொள்ளலாம். கோணமானியை வைத்து ஒரு டிகிரி கூட்டினால் முழு விசையில் எஞ்சின் சுழற்சி சில நூறு குறையும். சென்செனிச்சின் கார்பன் வகையில் கோணமானியே தேவையில்லை, எண்ணிட்ட ஊசிகளை மாற்றினால் போதும். பக்கத்து ஹேங்கர் நண்பர் கோடைக்கு ஒரு கோணம், குளிருக்கு ஒரு கோணம் என்று அரை மணியில் மாற்றிவிடுகிறார். எனக்கு அது கிடையாது என்பதில் ஏக்கம் உண்டு. ஆனால் கார்பனில் உள்ளே அடுக்குப் பிரிந்தால் வெளியே தெரியாது. நாணயத்தால் தட்டித் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்ற ஒலி எங்கே மந்தமாகிறதோ அங்கே சந்தேகம். மரத்தில் அடி பட்டால் மரம் ஒளிக்காமல் காட்டிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: உள்ளே மரம், வெளியே கண்ணாடி இழைத் தோல். கலிபோர்னியாவின் கேட்டோ, ஜெர்மனியில் ஆட்டிங் ஊரின் எம்.டி. புரொப்பெல்லர் ஆகியோரின் பொருள்கள் இந்த வகை. அதிர்வை விழுங்கும் மரத்தின் குணமும் மழையைத் தாங்கும் தோலும் சேர்ந்து வருகின்றன. விலையும் சேர்ந்தே வருகிறது. லைகமிங் எஞ்சினோடு ஆர்.வி. கட்டுபவராக இருந்தால் நான் முதலில் இந்தப் பக்கம்தான் பார்ப்பேன். சரளைக்கல் ஓடுபாதையிலோ ஓயாத மழைப் பகுதியிலோ பறப்பவர் லைகமிங்கோடு உலோகம் வாங்குவதிலும் தவறில்லை. அந்தக் கிராங்க் ஷாஃப்ட் அதற்கென்றே பிறந்தது. ஆனால் உலோக இறக்கை தரையில் இடித்தால் அடி நேரே எஞ்சினுக்குள் இறங்கும். மரம் தன்னை உடைத்துக்கொண்டு எஞ்சினைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அப்படி இடித்தபின் என்ன செய்ய வேண்டும் என்று லைகமிங்கின் 533-ஆம் சேவை அறிவிப்பு சொல்கிறது. எந்தப் பொருளாக இருந்தாலும் அதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் கட்டுபவர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. அரசுச் சான்று பெற்ற எஞ்சின்-புரொப்பெல்லர் இணை என்றால் வழக்கமாகச் சோதனைப் பறப்பு 25 மணி நேரம். நம்முடையது போன்ற சான்றில்லாத இணைக்கு 40 மணி நேரம். எனக்கு அந்த நேரம் வீணாகவில்லை. வெவ்வேறு சுழற்சியில் எங்கே அதிர்கிறது, ஏறும்போது எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்றெல்லாம் அப்போதுதான் குறித்து வைத்தேன். பிட்ச் சரிதான் என்ற உறுதியும் அதில்தான் வந்தது.

அடுத்த வசந்தத்துக்குள் இதே நிறுவனத்திடம் 54-42 ஒன்றும் வாங்கப் போகிறோம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வரும் கோடைப் பறப்புகளுக்கு அது, 44 பனிக்காலத்துக்கு. மாற்றி மாட்டுவது ஒரு காலைப்பொழுது வேலை, எப்படியும் அந்தப் பருவத்தில் போல்ட்டுகளைத் திறந்துதான் ஆக வேண்டும்.